புழு தின்ற இலை

ரெஜினா வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் பூவினிக்குக் கை நடுக்கம் திரும்ப வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று மேகலாவுக்கு அப்போது தோன்றவில்லை. எந்தத் தாய்க்குத்தான் தோன்றும்?

பூவினி அவளுடைய ஒரே மகள். ஒன்பது வயது. உடம்பின் செல்லுக்குள் துருப்பிடிக்கிற நோய். அதன் நீளமான பெயரை மேகலா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை முதலில் பென்சிலைத் தவறவிட்டாள், பிறகு படியில் தடுக்கி விழுந்தாள், பிறகு தண்ணீர் விழுங்கவே முகத்தைச் சுளித்தாள். மேகலாவும் அவள் கணவன் ரகுபதியும் ஊர் ஊராக அலைந்துவிட்டு, கடைசியில் ஆனைமலை அடிவாரத்தில் புதிதாக வந்திருந்த ஆய்வு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் மிரட்டின் இருந்தது.

பேய்மிரட்டி என்பது வேலியோரத்தில் தானாக முளைக்கிற செடி. புதினா, துளசி, தும்பை எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். இலையைக் கசக்கினால் காரமும் கற்பூரமும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். பல் முளைக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதைக் கஷாயம் வைத்துக் கொடுப்பது வழக்கம். அந்த இலையிலிருந்த ஏராளமான பொருள்களில் ஒன்றை நிலையத்தார் கண்டுபிடித்து மிரட்டின் என்று பெயர் வைத்திருந்தார்கள். செல்லைத் தின்ன வரும் துருவை அது தன்மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும், செல் பிழைத்துக்கொள்ளும். ஒரே சிக்கல், இலையிலிருந்து பிரித்தெடுத்த உடனே அது கெட்டுவிடும். ஓடுகிற ரத்தத்தில் மட்டும் கெடாமல் நிற்கும். ஆகவே செடியின் மரபணுவை எடுத்து மனிதர்களின் கல்லீரலில் வைத்தார்கள். எல்லோருக்கும் அது ஒட்டுவதில்லை. மேகலாவுக்கும் ரகுபதிக்கும் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. ஒட்டியவர்களுக்குக் கொடையாளி என்று பெயர். அவர்களுக்கு வளாகத்திலேயே வீடு. வாரத்துக்கு ஒருமுறை அவர்களிடமிருந்து பிளாஸ்மா எடுத்து, அடுத்த அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு ஏற்றுவார்கள்.

கொடையாளி யார் என்று பெற்றவர்கள் கேட்கக் கூடாது, அது நிலையத்தின் விதி. ஆனால் ஒரு நர்ஸ் பேச்சுவாக்கில், "ஒங்க ரெஜினா இன்னிக்கும் வெறும் வயித்தோட வந்து படுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டாள். பூவினி மறுபடி தானாகச் சட்டைப் பொத்தான் போடத் தொடங்கியிருந்த சமயம் அது. மேகலாவுக்கு மனசு தாங்கவில்லை. அடுத்த வாரம் அரிசிம்பருப்புச் சாதத்தைத் தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு, வளாகத்தின் பின்பக்க வீடுகளில் விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலை வாரியிருக்கவில்லை.

"நான் பூவினியோட அம்மாங்க. ஒங்க ரத்தந்தான் எம் பொண்ணுக்கு..." மேகலா போசியை நீட்டினாள்.

ரெஜினா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு தானாகவே சொன்னாள். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடு. மழைக்காலத்தில் ஒரு காலை மலை சரிந்தது. புருஷனும் இரண்டு மகன்களும் உள்ளே இருந்தார்கள்.

"நான் மட்டும் கொழுந்து பறிக்கப் போயிருந்தேங்க்கா. ஒடம்புல ரத்தம் ஓடிக்கிட்டுத்தான இருக்கு, அதாச்சும் யாருக்காவது ஒதவட்டும்னு இங்க வந்துட்டேன்."

அதற்குப் பிறகு மேகலா வாராவாரம் போனாள். பூவினியையும் கூட்டிப்போனாள். பூவினி போன முதல் நாளே ரெஜினாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அத்தை, ஒங்க பசங்க பேரு என்ன?" என்று கேட்டாள். மேகலா பதறிப்போனாள். ரெஜினா பதறவில்லை. பெரியவன் பேர், சின்னவன் பேர், சின்னவன் செய்த சேட்டைகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த வீட்டில் அடுப்பெரியத் தொடங்கியது. பூவினி வருகிற நாளில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து, காந்தாரி மிளகாய் அரைத்து வைத்திருப்பாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். ஒருநாள் பூவினி கிழங்கில் மிளகாயை அதிகமாகத் தொட்டுக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடியபோது ரெஜினா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேகலாவுக்கும் நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவு.

அந்த மாதமே பூவினி டம்ளரைக் கீழே போட்டாள்.

நிலையத்தின் தலைமை ஆய்வாளர் டாக்டர் வசுமதி. அதிர்ந்து பேசாத பெண். அவள் மேகலாவை அறைக்குக் கூப்பிடாமல் செடிகள் வளரும் கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"இந்த ரெண்டு தொட்டியப் பாருங்க" என்றாள்.

ஒன்றில் பேய்மிரட்டி கொழுகொழுவென்று தழைத்திருந்தது. மற்றதில் மண் வெடித்து, இலையெல்லாம் புழு தின்று சல்லடையாகி நின்றது.

"எதுல மருந்து அதிகம்னு நெனைக்கறீங்க?"

மேகலா தழைத்த செடியைக் காட்டினாள்.

"எல்லாரும் அதத்தான் காட்டுவாங்க. அதுல வாசன எண்ணெய் இருக்குது, கசப்பு இருக்குது, புதினால துளசில இருக்கற சாதாரண அமிலமெல்லாம் இருக்குது. மிரட்டின் மட்டும் இல்ல. தண்ணி, உரம், நெழல் எல்லாம் கெடைக்கற செடி அத எதுக்குங்க செய்யும்? புழு கடிக்கோணும், வெயில் வாட்டோணும், உசுருக்கு ஆபத்துன்னு அதுக்குப் படோணும். அப்பத்தான் சுரக்கும்." புழு தின்ற இலையைத் திருப்பிக் காட்டி, "மரபணு ஒண்ணுதான். ஆளுக்குள்ள வெச்சாலும் அது அப்படியேதான் நடந்துக்கும்" என்றாள்.

மேகலாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவளுக்கு முதலில் வந்தது கோபம்.

"அப்ப, துக்கத்துல இருக்கறவங்களாப் பாத்துத்தான் எடுத்தீங்களா?"

"மரபணு ஒட்டறவங்கள்ல, ஆமாங்க."

"வேற ஆள வெக்க முடியாதா?"

"புதுசா ஒருத்தருக்கு ஒட்டி, சுரந்து வர ஒரு வருசம் ஆகும். பூவினிக்கு அவ்வளவு நேரமில்ல." வசுமதி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "நான் ஒங்கள எதுவும் செய்யச் சொல்லலைங்க. போகாதீங்க, அது போதும். அவங்க பழையபடி ஆயிருவாங்க."

மேகலா போகவில்லை. ரெஜினாவின் போனை எடுக்கவில்லை. முதலில் அது வேலை செய்தது. பூவினி எழுந்து உட்கார்ந்தாள், தட்டைப் பிடித்துச் சாப்பிட்டாள். பிறகு மிரட்டின் அளவு மெல்ல இறங்கியது. "மனுசங்க பழகிக்குவாங்க" என்றாள் வசுமதி. "ஒருத்தர் வரலைங்கற வலி எத்தன நாளைக்குங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ரெஜினாவே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறி மேகலாவின் வீடு தேடி வந்துவிட்டாள். கையில் கிழங்குப் பாத்திரம். பூவினி "அத்தை" என்று கத்திக்கொண்டு, கால் பின்னப் பின்னப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் இருவரும் கொஞ்சுவதை மேகலா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அங்கே அன்பு தெரியவில்லை. சொட்டுச் சொட்டாக வற்றிக்கொண்டிருக்கும் மருந்துதான் தெரிந்தது.

ரெஜினாவைத் தனியே கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், துவைக்கிற கல்லருகே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டுவாள், நிலையத்தை விட்டே போய்விடுவாள் என்று நினைத்தாள். ரெஜினா நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள்.

"இவ்வளவுதானாக்கா? நான் என்ன தப்பு பண்ணேனோன்னு தவிச்சுப் போயிட்டேன். அழுகணும், அவ்வளவுதான? எனக்கா அழுகுறதுக்கு ஆளில்ல?"

அவள் போவதற்கு முன்பு பூவினியோடு உள்ளறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன்களின் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நர்ஸ் சொன்னாள். வார இறுதியில் ரத்தம் எடுத்தார்கள். மிரட்டின் அநேகமாக இல்லை.

அன்றைக்கு ரெஜினா ரத்தம் எடுக்கும் கட்டிலில் குற்றவாளி போலப் படுத்திருந்தாள். "ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேங்க்கா. எப்பவும் நெஞ்சு வெடிச்சிரும். இப்ப என்னன்னா, இந்த அழுக பாப்பாவுக்குன்னு ஒரு நெனப்பு வந்துருது. வந்ததும் மனசு லேசாயிருது. அவங்க மூணு பேரும் சும்மா சாகலன்னு தோணுது. நான் என்னக்கா பண்ண?" அதைச் சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை மேகலா வெறுத்தாள்.

வசுமதியிடம் போனபோது அவள் கண்ணாடி வீட்டில்தான் இருந்தாள். "புழு கடிக்கறது எதுக்குன்னு செடிக்குத் தெரியாது. இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எதுக்குன்னு தெரிஞ்ச வலி ஒடம்புக்கு வலியே இல்லைங்க மேகலா. நீங்க சொல்லியிருக்கக் கூடாது."

"இப்ப என்ன பண்றதுங்க?"

வசுமதி தன் சட்டைக் கையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பச்சைப் புழுவைப் பார்த்தாள். அதை இரண்டு விரலால் எடுத்துப் பத்திரமாக இலையில் விட்டாள்.

வீட்டில் பூவினிக்கு அன்றைக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. ஸ்பூனைப் பிடிக்க முடியாத கையை அவள் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள். மேகலா ஊட்டிவிட்டுக்கொண்டே, மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள்.

"ரெஜினா அத்தைக்கு ஒன்னயப் புடிக்கல சாமி. சும்மா புடிச்ச மாதிரி நடிக்கறாங்க. மருந்து அவங்க ஒடம்புலதான் இருக்குது. குடுக்க மனசில்ல. எம் பசங்க ரெண்டும் போயிருச்சு, இந்தப் புள்ள மட்டும் எதுக்கு இருக்கோணும்னு நெனைக்கறாங்க."

பூவினி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை நீண்டுகொண்டே போனது. பிறகு வாயைத் துடைத்துவிடச் சொன்னாள்.

"அவங்கள நேர்ல கேக்கட்டுமாம்மா?"

"கேளு கண்ணு."

அடுத்த வாரம் காரில் தூக்கி வைத்து அழைத்துப்போனார்கள். ரகுபதிதான் ஓட்டினான். மகளிடம் மனைவி என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று வழியில் ஒரே ஒருமுறை கேட்டான். மேகலா சொன்னாள். அவன் அதற்குப் பிறகு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். வளாகத்தில் இறங்காமல் காரிலேயே இருந்துகொண்டான்.

ரெஜினா வாசலுக்கே வந்து கையை நீட்டினாள். பூவினி அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். அவளிடம் இருந்த பலம் அவ்வளவுதான், ஆனால் தள்ளினாள்.

"என்னயத் தொடாதீங்க. ஒங்க மேல மண்ணு வாடை வருது."

ரெஜினா மேகலாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததாக்கா?"

மேகலா வாயைத் திறக்கும் முன் பூவினி சொன்னாள்: "யாரும் சொல்லிக் குடுக்கல. நீங்க மருந்து குடுக்காம வெச்சிருக்கறீங்க. நான் செத்தா ஒங்களுக்குச் சந்தோசம். அம்மா வரச் சொன்னதுனாலதான் ஒங்க வூட்டுக்கு வந்தேன். கிழங்கும் எனக்குப் புடிக்காது. வாந்தி வரும். ஒங்க பசங்களுக்கும் புடிச்சிருக்காது."

குழந்தையின் முகத்தில் நடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று ரெஜினா தேடினாள். குனிந்து, கிட்டத்தில் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்த கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை. உள்ளே தட்டு எதிலோ மோதுகிற சத்தம் மட்டும், நிற்காமல், கொஞ்ச நேரம் கேட்டது.

சாயங்காலம் வசுமதி போன் செய்தாள். "இந்த அளவ நாங்க எந்த ஆள்கிட்டயும் பாத்ததில்லைங்க" என்றாள். அவள் குரலில் இருந்தது பயமா மகிழ்ச்சியா என்று பிரித்தறிய மேகலா முயலவில்லை.

பூவினி தேறினாள். கை நடுக்கம் நின்றது, படி ஏறினாள், பள்ளிக்கூடம் போனாள், பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அந்தச் சிராய்ப்பைக் கண்டு மேகலா பூரித்துப்போனாள். வாரத்துக்கு ஒருமுறை அவளை ரெஜினாவிடம் அழைத்துப்போவதும் நடந்தது. ஒவ்வொரு முறையும் பூவினி ஏதாவது சொல்வாள். ரெஜினா வாங்கிக்கொள்வாள். அவளுக்குத் தலைமுடி கொட்டியது, கன்னம் ஒட்டியது, ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. ஒருமுறை மேகலா, இனிமேல் கூட்டிவரவில்லை என்று வாய்தவறிச் சொன்னபோது ரெஜினா பதறி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டு வாங்கக்கா. திட்டுறதுக்காச்சும் வரட்டும். கன்னத்துல சத போட்டிருக்கு, பாத்தீங்களா? நான் அதப் பாத்துக்கிட்டே இருந்துக்கிறேன்."

மேகலா முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். இந்தப் பேச்சு மருந்தைக் குறைத்துவிடுமோ என்பதுதான் அந்த நேரத்தில் அவளுக்கு வந்த ஒரே எண்ணம்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்த நாள் அது. ரகுபதி வேலைக்குப் போயிருந்ததால் மேகலாவே காரை ஓட்டி வந்திருந்தாள். ரெஜினா படியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. பூவினி அவள் எதிரே போய் நின்று, மரியாதையாகக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஒங்க சின்னப் பையன் ஒடனே செத்திருக்க மாட்டான் இல்லீங்க? மண்ணுக்குள்ள கொஞ்ச நேரம் முழிச்சிட்டு இருந்திருப்பான். அம்மான்னு கூப்பிட்டிருப்பான். நீங்க அப்பக் கொழுந்து பறிச்சுட்டு இருந்தீங்க."

ரெஜினாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர்கள் போடுகிற சத்தம் மாதிரி இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் சரிந்தாள். நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ரத்தம் எடுக்கும் அறைக்குத்தான் போனார்கள்.

மேகலா மகளைக் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். சாவியைப் போட அவளால் முடியவில்லை.

"அந்தப் பேச்ச யாரு கண்ணு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நானே யோசிச்சேன்" என்றாள் பூவினி, பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "மத்ததெல்லாம் அவங்களுக்குப் பழகிருச்சும்மா. போன வாரம் அழுகவே இல்ல. நீ பாக்கலையா?"

மேகலா திரும்பி மகளைப் பார்த்தாள்.

"அத்தைக்கு என்னயப் புடிக்காதுன்னு நீ சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அவங்க நம்ம வூட்டுக்கு வந்தாங்கல்ல, அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. நான் அழுதா நீ நல்லாயிருவ பாப்பா, நான் நல்லா அழுகுறேன், நீ கவலப்படாதன்னாங்க. சொல்லிட்டு முத்தம் குடுத்தாங்க." பூவினி தோளில் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா அவங்களுக்கு அழுக வரல. அதனாலதான் நீ எங்கிட்ட அப்படிப் பொய் சொன்னேன்னு எனக்குப் புரிஞ்சுது."

"தெரிஞ்சுட்டேவா சாமி..."

"எனக்குச் சாகப் பயமா இருந்துச்சும்மா."

வெளியே வேலியில் யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மேகலா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும், கண்டிக்க வேண்டும், கட்டிக்கொண்டு அழவாவது வேண்டும். ரோஜா நிறத்தில் இருந்தன அந்தப் பிள்ளையின் நகங்கள். போன வருஷம் அவை நீலமாக இருந்தன.

"அத்தை ரொம்ப நல்லவங்கம்மா" என்றாள் பூவினி. உண்மையான பிரியத்தோடுதான் சொன்னாள். "அவங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாங்கல்ல?"

மேகலா சாவியைத் துளைக்குள் நுழைத்தாள்.

"டாக்டர்கிட்ட இப்பவே சொல்லி வையும்மா. அடுத்தவங்களையும் நல்லவங்களாவே பாத்து எடுக்கச் சொல்லு. கெட்டவங்களுக்குச் சீக்கிரமா அழுக வராது."

மேகலா சாவியைத் திருகினாள்.

"சொல்றேன் கண்ணு" என்றாள்.